புது மீனை எங்கே பிரித்து வைப்பது? டர்பனிலிருந்து ஒரு கணக்கு

போன மாதம் மவுண்ட் எட்ஜ்கோம் கோவிலில் அன்னதானப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபீனிக்ஸ் பகுதித் தம்பி இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, குவாரன்டைனுக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கவா, பிளாஸ்டிக் டப் போதுமா?" புது மீனைப் பெரிய தொட்டியில் விடும் முன், நோய் இருக்கிறதா என்று தனியே வைத்துப் பார்ப்பதுதான் குவாரன்டைன். அவர் வீட்டில் 400 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஓடுகிறது. கொஞ்சம் பவளம், இரண்டு க்ளௌன் மீன், ஒரு சின்ன கோபி மீன். அடுத்ததாக ஒரு பவுடர் ப்ளூ டாங் மீன் மேல் கண். சாம்பாரில் ஆரம்பித்த பேச்சு பாயசம் வந்தும் முடியவில்லை. கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பது இந்த விஷயத்தில் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மீனுக்கு இரண்டும் ஒன்றுதான். என்ன மீன், எங்கிருந்து வருகிறது, வாரத்தில் எத்தனை நாள் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தொட்டி தானாகவே முடிவாகிவிடும்.

அன்று பந்தியில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் நஷ்டக் கணக்கு. ரிசர்வாயர் ஹில்ஸ் வீட்டுக்கு வந்த புதிதில் நானும் ஒரு பவுடர் ப்ளூ வாங்கினேன். "எங்களிடம் ரெண்டு வாரமா இருக்கு, நல்லா சாப்பிடுது" என்றார் கடைக்காரர். பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு நேராகப் பெரிய தொட்டியில் இறக்கினேன். ஐந்தாம் நாள் அது பம்ப்பின் வேகத்துக்கு எதிரில் போய் நின்றுகொண்டு மூச்சு வாங்கியது. விளக்கைப் போட்டால் பாறைக்குப் பின்னால் ஒதுங்கியது. உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, கோலமாவைக் கையில் தட்டிவிட்டதுபோல ஒரு மெல்லிய தூசி. நான்கு நாளில் எட்டு மீனில் ஆறு போயின. மிஞ்சிய இரண்டு க்ளௌனும் வீட்டை ஒட்டித் தனியாக இருக்கும் அவுட்பில்டிங்கில் துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் 76 நாள் குடியிருந்தன. அந்த 76 நாளும் பெரிய தொட்டியில் மீனே இல்லை. பவளத்தையும் நத்தையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது வெல்வெட் என்ற நோய். கொண்டுவருவது அமைலூடினியம் என்ற ஒற்றைச்செல் உயிரி. ஒரே ஒரு முட்டைக்கூடு உடைந்தால் 256 குஞ்சுகள் வரை நீந்தி வெளிவரும், அவை முதலில் போய் ஒட்டுவது செவுளில். அதனால்தான் உடம்பில் தூசி தெரிவதற்குள் மீன் பாதி செத்திருக்கும். எல்லாரும் பயப்படும் 'இக்' என்ற வெள்ளைப்புள்ளி நோய் வேறு ஆள், அந்த உயிரியின் பெயர் கிரிப்டோகேரியான். ரவையை ஒட்டவைத்ததுபோலத் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். மீன் மேல் மூன்று முதல் ஏழு நாள் வரை இருந்துவிட்டு உதிர்ந்து, மணலிலோ கண்ணாடியிலோ கூடு கட்டும். அந்தக் கூடு மூன்றாம் நாளிலும் உடையலாம், 72 நாள் வரை இழுத்தும் உடைந்ததாகப் பதிவு இருக்கிறது. காலி வைக்கும் 76 நாள் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. தண்ணீரை 27 டிகிரியில் வைத்தால் 45 நாள் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அன்றிருந்த பயத்தில் ஒரு நாளைக்கூடக் குறைக்க மனசு வரவில்லை.

ரவையா மாவா என்ற இந்த வித்தியாசத்தை மனசில் வையுங்கள். எந்த வழி எதற்கு உதவும் என்பது முழுக்க இதைப் பொறுத்தது.

பிரிக்காமலே விடுபவர்கள்

சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு மாமா முப்பது வருஷமாகக் கடல்மீன் வளர்க்கிறார், ஒரு மீனைக்கூடப் பிரித்து வைத்ததில்லை. "நல்ல தீனி, பெரிய தொட்டி, யூ.வி. விளக்கு, போதும்டா" என்பார். அவர் தொட்டியில் டாங் எட்டு வருஷமாக இருப்பது உண்மை. இந்த வழியை நான் கேலி செய்ய மாட்டேன். இக் தொட்டியிலேயே கிடந்தாலும், தெம்பான மீன் அதைத் தாங்கி ஓரளவு எதிர்ப்பும் வளர்த்துக்கொள்ளும். ஆனால் மாமா மீன் வாங்குவது இரண்டு வருஷத்துக்கு ஒன்று, தொட்டி ஆயிரம் லிட்டருக்கு மேல். அந்த இரண்டும் இல்லாமல் அவருடைய துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டால் என் கதைதான் நடக்கும். யூ.வி. தன் குழாய் வழியாகப் போகும் தண்ணீரைத்தான் சுத்தம் செய்கிறது. மீன் மேல் ஒட்டியிருப்பதைத் தொடாது. பூண்டுச் சாறு தீனியை ருசியாக்கலாம், நோயைத் தீர்க்காது. மாமாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், டீ குடிக்கச் சொன்னார்.

கடையிலேயே விட்டு வைப்பது

முன்பணம் கொடுத்து இரண்டு வாரம் கடையில் விட்டு வைப்பது பலரும் செய்வது. மீன் சாப்பிடுகிறதா என்று பார்க்க இது நல்ல வழி. நோய்க்கு இது பிரித்து வைத்தல் ஆகாது. பெரும்பாலான கடைகளில் இருபது முப்பது தொட்டியின் தண்ணீரும் ஒரே சம்ப்பில்தான், அதாவது அடியில் இருக்கும் ஒரே ஃபில்டர் தொட்டியில்தான் சேரும். நேற்று வந்த பெட்டியின் தண்ணீர் உங்கள் மீன் மேலும் ஓடும். இன்னொன்று, மீன் தொட்டிகளில் கடைக்காரர்கள் சிலர் கொஞ்சம் காப்பர் (செம்பு) மருந்து போட்டு வைப்பார்கள், உப்பையும் ஒப்படர்த்திக் கணக்கில் 1.018, 1.020 என்று குறைத்து வைப்பார்கள். நோய் சாகாது, அடங்கிக் கிடக்கும். உங்கள் வீட்டுச் சுத்தமான தண்ணீருக்கு வந்த பத்து நாளில் எழுந்து உட்காரும். எனக்கு நடந்தது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவரிடம் அது உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது.

தனித்தனித் தொட்டியில் வைத்து, என்ன மருந்து எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்து விற்பவர் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்குங்கள். அந்த எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்டதும் முகம் மாறினால் விஷயம் புரிந்துவிடும்.

எப்போதும் ஓடும் தொட்டியா, வேண்டும்போது மட்டும் நிரப்பும் டப் ஒன்றா?

வீட்டிலேயே பிரிப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு உண்மையான போட்டி இங்கேதான். 80, 100 லிட்டரில் ஒரு சின்ன தொட்டியை வருஷம் முழுக்க ஓடவிடலாம். அல்லது ஒரு பிளாஸ்டிக் டப்பைக் கவிழ்த்து வைத்திருந்து, மீன் வாங்கும்போது மட்டும் நிரப்பலாம்.

எப்போதும் ஓடும் தொட்டிக்கு ஒரு பெரிய பலம். பெரிய தொட்டியில் ஞாயிறு ராத்திரி திடீரென்று ஒரு மீன் படுத்துவிட்டால் தூக்கிப் போட இடம் தயாராக இருக்கும். ஃபில்டரில் மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா உயிரோடு இருக்கும். மாதத்துக்கு ஒரு மீன் வாங்குபவர், அல்லது வாங்கி விற்பவர் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பலவீனம் தொட்டியில் இல்லை, நம்மிடம்தான். காலியாக ஓடும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாராலும் முடிவதில்லை. முதல் மாதம் "பாக்டீரியாவுக்காக" ஒரு சின்ன பாறை வரும். அடுத்து நண்பர் கொடுத்த பவளத் துண்டு ஒன்று. பிறகு ஒரு இறால். ஆறு மாதத்தில் அது அழகான இரண்டாவது தொட்டி. இப்போது நோய் வந்த மீனை அதில் போட்டுக் காப்பர் ஊற்ற முடியுமா? இறால் செத்துப்போகும், பவளமும் போகும், பாறை காப்பரை உறிஞ்சிக்கொண்டு அளவையே குழப்பும். நான் பார்த்த நிரந்தரக் குவாரன்டைன் தொட்டி நான்கில் மூன்று இப்படித்தான் மதம் மாறின. மின்சாரச் செலவும், தினமும் ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டும் வேலையும் தனி.

டப்பின் பலம், வேலை முடிந்ததும் பிளீச் போட்டுக் கழுவிக் காயவைத்துக் கவிழ்த்துவிடலாம் என்பது. காய்ந்த பிளாஸ்டிக்கில் எந்தக் கூடும் பிழைக்காது. உணவுப் பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக்காகப் பார்த்து வாங்கினால் போதும். சின்ன மீனுக்கு 40 முதல் 60 லிட்டர், டாங் போல நீந்தித் திரியும் மீனுக்கு 100 லிட்டருக்கு மேல். வெளிறிய நிற டப்பாகப் பாருங்கள், அடியில் விழுந்த எச்சமும் சாப்பிடாத தீனியும் தெரியும். மணல் வேண்டாம், பாறை வேண்டாம். பதுங்க நான்கைந்து பி.வி.சி. எல்போ குழாய். மேலே வலைமூடி கட்டாயம். ராஸ் வகை மீன்கள் டப்பிலிருந்து தரைக்குக் குதிக்கத் தனித் திறமை வைத்திருக்கின்றன. பக்கவாட்டிலிருந்து மீனைப் பார்க்க முடியாது என்பது டப்பின் ஒரே உண்மையான குறை. நோய் பார்ப்பதே கண்ணால்தான் என்பதால் இது சின்னக் குறையும் இல்லை. நான் ஒரு கண்ணாடிக் குவளையில் மீனை அள்ளி வெளிச்சத்தில் பார்ப்பேன்.

ஆனால் டப்பில் மீனைக் கொல்வது பெரும்பாலும் நோய் இல்லை, அம்மோனியா.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் குவாரன்டைன் வீண் வேலை என்று சொல்பவர்கள் எல்லாரும் இங்கே மீனை இழந்தவர்கள்தான். புதுத் தண்ணீர், பாறை இல்லை, பாக்டீரியா இல்லை. மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை விட்டுக்கொண்டிருக்கிறது. நாம் வேறு, பாவம் புது மீன் என்று இரண்டு வேளை தீனி போடுகிறோம். கடல்நீரின் பி.எச். 8-க்கு மேல் இருப்பதால் நன்னீரைவிட இங்கே அம்மோனியாவின் விஷப் பங்கு அதிகம். இரண்டாம் மூன்றாம் நாளில் மீன் மூச்சு வாங்கும். நாம் வெல்வெட் என்று நினைத்து மருந்தை ஊற்றுவோம். கதை முடிந்தது.

தீர்வு மலிவானது, ஆனால் பொறுமை வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றோ இரண்டோ வாங்கி, பெரிய தொட்டியின் சம்ப்பில் நான்கு முதல் ஆறு வாரம் போட்டு வையுங்கள். பாக்டீரியா தானாகக் குடியேறும். மீன் வாங்கும் நாளில் எடுத்து டப்பில் போட்டு ஏர் பம்ப்பை இணைத்தால், டப் அன்றே தயார். மருந்து பட்ட ஸ்பாஞ்ச் மறுபடி சம்ப்புக்குப் போகக்கூடாது. அதனால் எப்போதும் ஒன்று கூடுதலாகச் சம்ப்பில் கிடக்கட்டும். ஒரு எச்சரிக்கை: பெரிய தொட்டியிலேயே நோய் இருந்தால் அந்த ஸ்பாஞ்சே நோயைக் கொண்டுவரும். அப்போது புட்டியில் விற்கும் பாக்டீரியாதான் வழி. சீக்கெம் அம்மோனியா அலெர்ட் போன்ற ஒட்டு வில்லை ஒன்றை டப்பின் சுவரில் ஒட்டிவிடுங்கள். நிறம் மாறினால் பாதித் தண்ணீர் மாற்றம், அதே உப்பு, அதே வெப்பம்.

நிரந்தரத் தொட்டியின் பெரிய பலம் உயிருள்ள ஃபில்டர் என்றேன். சம்ப்பில் கிடக்கும் ஸ்பாஞ்ச் அந்தப் பலத்தைக் கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. என் ஓட்டு டப்புக்குப் போனதற்கு இதுதான் காரணம்.

டப்பில் என்ன செய்வது

மீன் டப்புக்கு வந்த பிறகு நான்கு பாதை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பது, மூன்று நாளுக்கொரு முறை டப் மாற்றுவது, காப்பர் போடுவது, உப்பைக் குறைப்பது.

சும்மா பார்ப்பது, அதாவது நான்கு வாரம் மருந்தில்லாமல் வைத்திருந்து ஏதாவது வந்தால் மட்டும் வைத்தியம். மீனுக்கு இதைவிட இதமான வழி இல்லை. சிரமம் என்னவென்றால் இக் செவுளில் மட்டும் குறைந்த அளவில் இருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாமலே நான்கு வாரம் கடந்துவிடும். வெல்வெட் என்றால் பார்த்த அன்றே மருந்து கையில் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை தூசி தெரிந்தால் சனிக்கிழமை கடைக்குப் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

டப் மாற்றும் முறை எனக்குப் பிடித்தது, அதில் ஒரு கணக்கு அழகு இருக்கிறது. இக் மீனிலிருந்து உதிர்ந்து கூடு கட்டி, அந்தக் கூடு உடையக் குறைந்தது மூன்று நாள் ஆகும். அதற்குள் மீனை வேறு சுத்தமான டப்புக்கு மாற்றிவிட்டால் கூடு பழைய டப்பிலேயே தங்கிவிடும். முதல் நாள் அ, நான்காம் நாள் ஆ, ஏழாம் நாள் மறுபடி அ, பத்தாம் நாள் ஆ, பதின்மூன்றாம் நாள் விடுதலை. நடுவில் காலியான டப்பையும் ஏர் குழாயையும் எல்போவையும் கழுவி முழுக்கக் காயவைக்க வேண்டும். 72 மணி நேரம் என்பது 72 மணி நேரம்தான், நான்காம் நாள் ஆபீஸ் முடிந்து வந்து மாற்றலாம் என்று தள்ளக்கூடாது. தண்ணீர் முழுக்கப் புதிதாவதால் அம்மோனியா பிரச்சினையும் பெரும்பாலும் ஒழிந்துவிடும். இக்குக்கு மருந்தே இல்லை. செவுள்புழு, தோல்புழுவுக்கு மட்டும் பிராசிகுவான்டெல் என்ற புழுமருந்து இரண்டு முறை, இடையில் ஐந்து முதல் ஏழு நாள் விட்டு. முதல் முறை முட்டைகளைக் கொல்லாது, பொரித்து வருவதைப் பிடிக்கத்தான் இரண்டாவது. நான் இரண்டாவது டப்பிலும் நான்காவதிலும் போடுவேன், இடைவெளி தானாக ஆறு நாள் ஆகிவிடும்.

ஆனால் இந்த முறை இக்குக்கு மட்டுமே. வெல்வெட்டை இதனால் நம்பிக்கையாக ஒழிக்க முடியாது. க்ளௌன்களுக்கு வரும் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி, மீன் மேலேயே இரண்டிரண்டாகப் பெருகுவது, எத்தனை டப் மாற்றினாலும் கூடவே வரும். அதற்கு ஃபார்மலின் குளியல். கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது.

தண்ணீர்ச் செலவும் உண்டு. 40 லிட்டர் டப் என்றாலும் நான்கு முறைக்கு 160 லிட்டர். இங்கேதான் டர்பன்காரனுக்கும் ஜோபர்க்காரனுக்கும் கணக்கு மாறுகிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கும் என் நண்பருக்குக் கடல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அவர் ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலக்க வேண்டும், 160 லிட்டருக்கு ஐந்தரைக் கிலோவுக்கு மேல் உப்பு. நமக்கு பக்கி (பிக்கப் வண்டி) ஒன்றில் நாலு கேன் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனால் போதும் என்று தோன்றும். போகலாம், ஆனால் எங்கே, எப்போது என்று பார்த்துப் போங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களும் பம்ப் நிலையங்களும் உடைந்த பிறகு, டர்பன் கடற்கரைகள் எத்தனை முறை மூடப்பட்டன என்று நமக்குத் தெரியும். உம்கேனி ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் வேண்டாம், மழை பெய்த வாரமும் வேண்டாம். வடக்கே பலிட்டோ பக்கம், கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது எடுத்து, மூடிய டிரம்மில் இருட்டில் சில வாரம் வைத்திருந்து பயன்படுத்துகிறேன். சோம்பல் வந்தால் நானும் உப்புப் பாக்கெட்டையே உடைக்கிறேன்.

காப்பர்தான் பெரிய துப்பாக்கி. இக், வெல்வெட் இரண்டையும் அடிக்கும். துப்பாக்கிக்கு உள்ள ஆபத்தும் உண்டு. கடையில் இரண்டு சாதிக் காப்பர் கிடைக்கும். குப்ரமின் போன்றதுக்கு இலக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். காப்பர் பவர் போன்ற கட்டுண்ட காப்பருக்கு இலக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகும். ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்குப் போட்டால் மீன் செத்துவிடும், அல்லது நோய் சாகாது. லேபிளைப் படியுங்கள், இன்னொருவர் சொன்ன எண்ணைக் கேட்காதீர்கள், நான் எழுதிய எண்ணையும் சேர்த்துத்தான். ஹன்னா செக்கர் போன்ற எண்ணாகக் காட்டும் கருவி இல்லாமல் காப்பர் பக்கம் போகவேண்டாம்; நிறம் ஒப்பிடும் கிட்டில் 0.4-க்கும் 0.6-க்கும் வித்தியாசம் காண எனக்குக் கண் இல்லை. இரண்டு நாளில் படிப்படியாக ஏற்றி, அளவு எட்டிய நாளிலிருந்து 14 நாள், பிறகு காய்ந்த வேறு டப்புக்கு மாற்றம். ஒரே டப்பில் முடிப்பதென்றால் 30 நாள். நடுவில் ஒரு நாள் அளவு இறங்கினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. காப்பர் இருக்கும் தண்ணீரில் பிரைம் போன்ற அம்மோனியா மருந்துகளை ஊற்றக் கூடாது, காப்பரின் விஷம் கூடிவிடும். ஆகவே காப்பர் எடுப்பவருக்குப் பாக்டீரியா குடியேறிய ஸ்பாஞ்ச் விருப்பம் இல்லை, கட்டாயம்.

உப்பைக் குறைக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அளவு 1.009, முப்பது நாள். மருந்தில்லை, இக்குக்கும் ஓரளவு புழுக்களுக்கும் வேலை செய்யும். வெல்வெட் அந்த உப்பிலும் சுகமாக இருக்கும். 1.009 என்பது 1.011 ஆனாலே பலன் போய்விடும்; அதற்கு உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. உப்புத் திரவத்தில் சரிபார்த்திருக்க வேண்டும், வெறும் தண்ணீரில் சரிபார்த்தது போதாது. பி.எச். இறங்கும், ஸ்பாஞ்ச் பாக்டீரியாவும் மந்தமாகும். திரும்ப உப்பு ஏற்றுவது ஒரு வார வேலை. காப்பர் தாங்காத மீன் ஒன்றைக் காப்பாற்றவேண்டிய கட்டத்தில் மட்டும் இதைத் தொடுவேன்.

வைக்கும் இடமும் கரண்ட்டும்

டப்பைப் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வெல்வெட் காற்றில் தெறிக்கும் நுண்துளியில் ஏறி, காற்றோட்டம் இருந்தால் 3 மீட்டர் வரை போனதை 2006-இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. வேறு அறை இருந்தால் நல்லது. நம் வீடுகளில் அவுட்பில்டிங் இதற்கென்றே கட்டியதுபோல இருக்கும், வாடகைக்கு ஆள் இல்லாத வரை. வலை, குழாய், வாளி எல்லாம் தனி. கை கழுவி, பெரிய தொட்டி வேலையை முதலில் முடித்துவிட்டு டப்புக்கு வாருங்கள், மறுதிசையில் போகாதீர்கள். மீனை வலையில் பிடிப்பதைவிடச் சமையலறைச் சல்லடைக் கிண்ணம் மேல். டாங்கின் வால் முள்ளும் ஏஞ்சலின் கன்ன முள்ளும் வலையில் சிக்கிக் கிழியும். (புதுச் சல்லடை வாங்குங்கள். வீட்டிலிருக்கும் சல்லடையை எடுத்த நாள் எனக்கு வீட்டில் நடந்ததை எழுத வேண்டாம்.)

லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு இப்போது அடங்கியிருக்கிறது. 2023-இல் ஸ்டேஜ் 6 என்ற கடும் மின்வெட்டு ஓடியதை மறந்துவிட்டு டப் போடுபவர் மறுபடி மாட்டுவார். கரண்ட் இல்லாவிட்டாலும் பாறை நிறைந்த பெரிய தொட்டி இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். டப்பில் ஏர் பம்ப் நின்றால் ஆக்சிஜனும் போச்சு, ஃபில்டரும் போச்சு. யூ.எஸ்.பி. ஏர் பம்ப் ஒன்றும் ஃபோனுக்கு வாங்கிய பவர் பேங்க் ஒன்றும் பல மணி நேரம் தாங்கும், இன்வெர்டர் தேவையில்லை. ஜூலை ராத்திரியில் நமக்கே 11, 12 டிகிரிக்கு இறங்குகிறது. மெல்லிய பிளாஸ்டிக் டப் சீக்கிரம் குளிரும், சுற்றி ஒரு கம்பளி கட்டுங்கள். தைப்பூசக் காவடி மாதம் இங்கே கோடை, பிரச்சினை எதிர்ப்பக்கம்: சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, ஏர் பம்ப்பைக் கூட்ட வேண்டும். விரதம், கோவில் என்று பத்து நாள் வீட்டில் கால் தங்காதவர்கள் அந்தச் சமயம் மீன் வாங்காமலே இருக்கலாம். 72 மணி நேரக் கணக்கு காவடிக்காகக் காத்திருக்காது.

வந்த பெட்டியைத் திறப்பதிலும் ஒரு விஷயம். வெளிநாட்டிலிருந்து பல மணி நேரம் பையில் வந்த மீன் என்றால், பைத் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும், பி.எச். இறங்கியிருப்பதால் அது அடங்கியிருக்கும். பையைத் திறந்து சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் பழக்கினால் பி.எச். ஏறி, அடங்கியிருந்த அம்மோனியா விஷமாகும். டப்பின் உப்பை முன்கூட்டியே பையின் உப்புக்குச் சமமாக வைத்துவிட்டு, வெப்பம் ஒத்ததும் மீனை மட்டும் மாற்றுங்கள். பிறகு சில நாளில் மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். டப்பால் கிடைக்கும் சௌகரியங்களில் இதுவும் ஒன்று. பெரிய தொட்டியின் உப்பை இப்படி மாற்ற முடியாது.

அப்படியானால் எந்த மீனுக்கு எது

டாங், பெரிய ஏஞ்சல் என்றால் 120 லிட்டர் டப், காப்பர், பிராசிகுவான்டெல். இவை வெல்வெட்டோடு வரும் வாய்ப்பை நான் இனிமேல் சூதாட மாட்டேன். கோபி, ப்ளென்னி, கார்டினல் போன்ற சின்ன மீன்களுக்கு டப் மாற்றும் முறை, பிறகு இரண்டு வாரம் சும்மா பார்ப்பது, காப்பர் புட்டி அலமாரியில் தயாராக. க்ளௌனுக்கும் அதேதான், முதல் ஒரு வாரம் தினமும் தோலைப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சளி உரிந்தால் புரூக்ளினெல்லா. ராஸ் வகைகள் காப்பரைச் சரியாகத் தாங்காதவை, அவற்றுக்கு டப் மாற்றம்தான், காப்பர் கட்டாயமானால் மிக மெதுவாக ஏற்ற வேண்டும். மாண்டரின் மீனை டப்பில் அடைத்தால் நோயால் சாகாது, பட்டினியால் சாகும். கோப்பிபாட் என்ற உயிருள்ள நுண்ணிரையைத் தினமும் ஊற்ற முடியாதவர் அதை வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

பவளமும் நத்தையும் நோயைப் பிடிக்காது, ஆனால் அவற்றின் ஓட்டில் கூடு ஒட்டி வரலாம். மீன் இல்லாத ஒரு சின்னத் தொட்டியில் 45 முதல் 76 நாள். இதை நானே ஒழுங்காகச் செய்வதில்லை.

தம்பிக்கு இதையெல்லாம் ஃபோனில் சொன்னேன். அவர் பேருந்து நிறுவனத்தில் ஷிஃப்ட் வேலை, மூன்று நாளுக்கொரு முறை சரியாக அதே நேரத்தில் வீட்டில் இருப்பது நடக்காது. ஆக டப் மாற்றும் முறை அவருக்கு ஒத்துவராது. டாங்குக்கு எப்படியும் காப்பர்தான். மாதம் ஒரு மீன் வாங்கும் ஆளும் இல்லை. கண்ணாடித் தொட்டி யோசனையை அவரே விட்டுவிட்டார். 120 லிட்டர் டப் ஒன்று, ஹன்னா செக்கர், இரண்டு ஸ்பாஞ்ச். செக்கர் விலையைக் கேட்டுவிட்டு "அண்ணே, மீனே இதைவிட மலிவா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் செக்கர் அடுத்த மீனுக்கும் இருக்கும் என்றேன்.

ஸ்பாஞ்ச் இரண்டையும் போன ஞாயிறு அவருடைய சம்ப்பில் போட்டுவிட்டு வந்தோம். டாங் இன்னும் கடையில்தான் நீந்துகிறது. ஐந்து வாரத்துக்குள் வேறு யாராவது வாங்கிப் போனால் போகட்டும், அடுத்த பெட்டியில் வேறு வரும் என்று தம்பியே சொல்லிவிட்டார்.